பன்னிரண்டாவது பூச்சு

லின்ஷுய், ஏரிக்கரை வீடு
பத்தாம் மாதம், ஐந்தாம் நாள்

அப்பாவுக்கு, மகள் ஷூவென் வணங்கி எழுதுவது.

மஞ்சள் ஆற்று உடைப்பை அடைக்க நீங்கள் புறப்பட்ட அன்று, படகுத்துறையில் நான் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. அதற்கு நான்கு நாள் முன்பிருந்தே தாத்தா இருமும்போது இரத்தம் வந்துகொண்டிருந்தது. துணிகளை நான்தான் துவைத்தேன். "தாத்தா முகம் வெளுத்திருக்கே?" என்று நீங்கள் கேட்டீர்கள். "வெயில் படலை, அதான்" என்றேன். அப்படிச் சொல்லச் சொன்னவர் அவர்தான். "அவனுக்குத் தெரிஞ்சா படகு ஏற மாட்டான். இங்கேயே உக்காந்து என் நாடியைப் பிடிச்சுப் பிடிச்சே என்னை அனுப்பிவெச்சிடுவான்" என்றார்.

இந்த மாதம் மூன்றாம் நாள் காலை, கஞ்சி ஆறுவதற்குள் போய்விட்டார். அதிகம் வலிக்கவில்லை. பேரிக்காய் வேண்டும் என்று கேட்டார். தோல் சீவிக்கொண்டு திரும்பும்போது மூச்சு இல்லை.

அதற்கு முந்தைய நாள்தான் அரக்குக்காரர் ஜுவாங் வந்து சவப்பெட்டிக்கு இந்த ஆண்டின் பூச்சைப் பூசிவிட்டுப் போயிருந்தார். அறுபத்தெட்டு வயதில் தாத்தா தமக்கென்று செய்துவைத்த பெட்டி. ஆண்டுக்கு ஒரு பூச்சு, இது பன்னிரண்டாவது. அது காயவே இல்லை. அவரைக் கிடத்தும்போது என் சட்டைக் கை பட்டு, துணியின் நெசவு பெட்டியின் பக்கவாட்டில் அப்படியே பதிந்துவிட்டது. அறையில் கரியடுப்பு மூட்டி வைத்திருக்கிறேன். இன்னும் தொட்டால் ஒட்டுகிறது.

கற்பூரமும் சுண்ணாம்பும் நிறையப் போட்டு மூடி வைத்திருக்கிறோம். ஆணி அடிக்கவில்லை. முதல் ஆணி மகன் அடிக்க வேண்டியது. வாசலில் வெள்ளை விளக்கும் மாட்டவில்லை. இறப்பு அறிவிப்பு உங்கள் பெயரில்தான் ஒட்டப்பட வேண்டும், பேத்தி பெயரில் ஒட்ட வழக்கமில்லை. இப்போதைக்கு விஷயம் எனக்கும், வேலையாள் கிழவர் சின்னுக்கும், சமையல்கார வூ அக்காவுக்கும் மட்டும் தெரியும்.

பதவியை ஒப்படைத்து, இருபத்தேழு மாதத் துக்க விடுப்புக்கு எழுதிவிட்டு நீங்கள் வந்து சேர ஒன்றரை மாதம் ஆகும் என்று நினைக்கிறேன். உங்கள் சொல் வந்ததும் விளக்கை மாட்டுவேன். துடைத்து வைத்திருக்கிறேன்.


ஷாகோவ் உடைப்பு முகாம்
பத்தாம் மாதம், இருபத்தாறாம் நாள்

ஷூவெனுக்கு,

இந்த மாதம் உன்னிடமிருந்து கடிதம் இல்லை. ஏரியில் காற்று அதிகம், படகு தாமதமாகியிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

இங்கே எல்லோரும் நலம். உடைப்பின் வாய் அறுநூறு அடியிலிருந்து முந்நூறாகக் குறுகியிருக்கிறது. சோளத்தட்டைக் கட்டுகளை இரு கரையிலிருந்தும் இறக்கிக்கொண்டு வருகிறோம். குறுகக் குறுகத் தண்ணீருக்கு வேகம் கூடுகிறது. நடுவில் கடைசிக் கட்டை இறக்கும் நாள்தான் எல்லாவற்றையும் முடிவு செய்யும்.

தாத்தாவை நரித்தோல் அங்கியைப் போட்டுக்கொள்ளச் சொல். கஞ்சியில் இஞ்சி சேர்க்கட்டும். வாசலில் எப்போதும் போல் சிவப்பு விளக்கே இருக்கட்டும். நான் எழுதும்வரை வீட்டில் எதையும் மாற்ற வேண்டாம்.

இன்னொன்று. அரக்கு நெருப்பில் காயாது, ஈரக் காற்றில்தான் இறுகும். கரியடுப்பை எடுத்துவிட்டு, அறையைச் சுற்றி ஈரத்துணி தொங்கவிடு. பத்து நாளில் கல்லாகிவிடும்.

பெய் ஹெங்


லின்ஷுய்
பதினொன்றாம் மாதம், பதினைந்தாம் நாள்

அப்பாவுக்கு,

முதல் தடவை வாசித்தபோது என் கடிதம் வழியில் தொலைந்துவிட்டது என்று நினைத்து அழுதேன். இறந்தவருக்கு நரித்தோல் அங்கி போடச் சொல்லியிருக்கிறீர்களே, பாவம், தெரியாதே என்று. புதிதாக ஒரு கடிதம் எழுத உட்கார்ந்து மையும் குழைத்துவிட்டேன். பிறகு உங்கள் கடைசிப் பத்தியை மறுபடி பார்த்தேன்.

கரியடுப்பைப் பற்றி உங்களுக்கு யார் சொன்னது?

 சின்னைக் கூப்பிட்டு வாசித்துக் காட்டினேன். "அப்ப ஐயாவுக்குத் தெரியும், சின்னம்மா" என்றார். 

தவறாக ஒரு வேலை நடப்பது தெரிந்தால் உங்களால் திருத்தாமல் இருக்க முடியாது. அதுதான் உங்களைக் காட்டிக்கொடுத்துவிட்டது. இல்லாவிட்டால் நான் நம்பியிருப்பேன்.

ஈரத்துணி தொங்கவிட்டேன். நீங்கள் சொன்னபடியே இறுகிவிட்டது. மற்றதை நான் நம்ப மாட்டேன். என் கடிதத்தைப் பிரிக்கும்போது யாரோ பக்கத்தில் இருந்தார்கள், அதனால் இப்படி எழுதினீர்கள், இந்நேரம் விடுப்புக்கு எழுதிப் புறப்பட்டிருப்பீர்கள். இதைத்தான் தினமும் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். அப்படித்தானா? ஒரு வரி எழுதுங்கள்.


ஷாகோவ்
பன்னிரண்டாம் மாதம், நான்காம் நாள்

ஷூவெனுக்கு,

இதை என் ஆள் லுவோ தன் கையாலேயே உன்னிடம் தருவான். வாசித்ததும் எரித்துவிடு.

உன் முதல் கடிதம் பகல் உணவின்போது வந்தது. எதிரில் துணை ஆணையர் ஹான். "வீட்டுலேர்ந்தா? பெரியவர் எப்படி இருக்காரு?" என்றார். "நல்லா இருக்காரு. நான் நேரத்துக்குச் சாப்பிடறேனான்னு கேட்டு எழுதியிருக்காரு" என்றேன். "அப்ப சாப்பிடுங்க, அப்பா பேச்சைத் தட்டாதீங்க" என்று சிரித்துக்கொண்டே பன்றி இறைச்சித் துண்டு இரண்டை என் கிண்ணத்தில் போட்டார். தந்தை இறந்த செய்தி கேட்டவன் இறைச்சி தொடமாட்டான் என்பது அவருக்குத் தெரியும், எனக்கும் தெரியும். இரண்டையும் தின்றேன். மென்ற ஒவ்வொரு வாயும் நினைவிருக்கிறது.

இதை நான் திட்டமிடவில்லை. ஆனால் விழுங்கிய பிறகு திரும்பிப் போக வழி இல்லை.

நான் போனால் இந்த வேலை ஹான் கைக்குப் போகும். அவர் ஆட்கள் கட்டிய கட்டுகளில் ஒன்றைப் பிளந்து பார்த்தேன். வெளியே தட்டை, உள்ளே வெறும் வைக்கோல். மூன்றாம் மாதம் பனி உருகி வெள்ளம் வருமுன் வாய் மூடப்படாவிட்டால் ஆறு மாவட்டங்கள் மறுபடி தண்ணீரில். சென்ற ஆண்டு மரக்கிளைகளில் தொட்டில்கள் சிக்கிக்கிடந்ததை நான் பார்த்தேன், நீ பார்க்கவில்லை.

பேரரசரே என்னைத் துக்க விடுப்பில் போகவிடாமல் நிறுத்தலாமே என்று கேட்பாய். அப்படி நிறுத்தப்பட்டவர்களுக்கு எதிராக அறிஞர் சபையார் அரண்மனை வாயிலில் மண்டியிட்டு உட்காருவார்கள். அந்த வழக்கு முடிவதற்குள் வெள்ளம் வந்துவிடும்.

எழுபது நாள் போதும். உடைப்பு மூடியதும் செய்தி அன்றுதான் வந்தது என்று சொல்லி வந்துவிடுவேன். வெளியே தெரிந்தால் என் பதவி போவதோடு நிற்காது. அது உனக்குத் தெரியும். எழுபது நாள், ஷூவென்.


லின்ஷுய்
பன்னிரண்டாம் மாதம், இருபத்திரண்டாம் நாள்

அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தை எரித்துவிட்டேன். எரிந்தபோதும் நம்ப முடியவில்லை.

இங்கே எப்படி இருக்கிறோம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். பக்கத்து பியான் வீட்டம்மா முந்தாநாள் பன்றிக்கால் சூப்போடு வந்தார்.

"பெரியவரை ரெண்டு மாசமா வெளியில காணோமே. கோவமா என் மேல?"

"குளிரு ஒத்துக்கலை. படுத்திருக்கார்" என்றேன்.

"நான் போய் ஒரு வார்த்தை பேசிட்டு வரட்டுமா?"

"இப்பதான் கண் அசந்தார்."

"தூங்கட்டும் தூங்கட்டும். இதைச் சுடவெச்சுக் குடு. போன வருஷம் உப்பு பத்தலைன்னு என்னை என்ன பேச்சுப் பேசினார் தெரியுமா? இந்தத் தடவை அளந்து போட்டிருக்கேன்னு சொல்லு."

கிண்ணம் காலியாகத் திரும்ப வேண்டும் அல்லவா. வூ அக்கா சமையலறையில் நின்றபடியே அதைக் குடித்தார். பாதியில் கண்ணீர் வந்து மூக்கை உறிஞ்சினார். "உப்பு சரியாத்தான் இருக்கு" என்றார். சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் நாங்கள் மூவரும் நின்றோம். சுவருக்கு அந்தப் பக்கம் தாத்தா.

ஏழு நாளுக்கொரு முறை செய்ய வேண்டிய ஏழு படையலையும் கதவைச் சாத்திக்கொண்டு செய்து முடித்தேன். நானே மகன், நானே பேத்தி.

நீங்கள் தொட்டில்களைச் சொன்னீர்கள். பொய் என்று நான் சொல்லவில்லை. ஆனால் வெய் தாவ் நினைவிருக்கிறாரா? அப்போது எனக்கு ஒன்பது வயது. அவர் தாய் இறந்ததைப் பத்தொன்பது நாள் மறைத்தார் என்று பேரரசரிடம் குற்றம் சாட்டி எழுதியவர் நீங்கள். அந்தக் குற்றச்சாட்டின் படியை எனக்கு எழுத்துப் பழகக் கொடுத்தீர்கள், நடை நன்றாக இருக்கிறது என்று. இன்றும் மனப்பாடமாக இருக்கிறது. "பெற்றவரின் உடல் குளிர்வதற்குள் பதவியின் சூட்டைத் தேடுபவன்." அவர் நாடுகடத்தப்பட்டுப் போகும் வழியிலேயே இறந்தார். அவரும் ஏதோ ஒரு வேலையை முடிக்கத்தான் நினைத்தாரா? நீங்கள் அப்போது கேட்டீர்களா?

இன்று எண்பதாவது நாள். வெய் தாவின் கணக்கை எப்போதோ கடந்துவிட்டோம்.


தலைநகர்
முதல் மாதம், ஐந்தாம் நாள்

ஷூவென்,

விரைவுக் குதிரையில் அனுப்புகிறேன். நிதானமாக வாசி.

புத்தாண்டு வணக்கத்துக்காக வரச் சொல்லியிருந்தார்கள், வந்தேன். பேரரசர் எல்லோர் முன்னிலையிலும் என்னைக் கூப்பிட்டு, "ஹெங், உங்க அப்பாவுக்கு இந்த வருஷம் எண்பதாமே?" என்றார். யாரோ சொல்லியிருக்கிறார்கள். "எப்படி இருக்கார்?" என்றார்.

மண்டியிட்டிருந்தேன். தரைக் கல்லில் ஒரு கீறல் இருந்தது. அதைப் பார்த்தபடி, "தங்கள் அருளால் நன்றாகச் சாப்பிடுகிறார்" என்றேன்.

என் வாய்தான் சொன்னது. பேரரசரிடம் நேருக்கு நேர் பொய். அதற்குத் தண்டனை தலை.

அவர் மகிழ்ந்து, எண்பது வயதானவர்களுக்குத் தரும் புறாத்தலைக் கைத்தடியையும் பட்டுத்துணியையும் தாத்தாவுக்கு வழங்கிவிட்டார். அரண்மனைத் தூதர் காவ் இன்று காலை புறப்பட்டுவிட்டார். பிறந்தநாளான இருபத்தெட்டாம் தேதி அங்கே இருப்பார்.

தாத்தா எழ முடியாமல் படுத்திருக்கிறார் என்று சொல். கட்டிலுக்குத் திரை போடு. திரைக்குப் பின்னால் சின் படுக்கட்டும். கையை மட்டும் நீட்டித் தடியை வாங்கிக்கொண்டால் போதும். பேச வேண்டியதில்லை. உடைப்பில் இன்னும் நாற்பதடி பாக்கி. பனிக்கட்டியால் தாமதமாகிவிட்டது.

நான் உனக்குக் கட்டளையிடவில்லை, கேட்கிறேன். இதுவரை உன்னிடம் எதையும் இப்படிக் கேட்டதில்லை.


லின்ஷுய்
முதல் மாதம், இருபத்தொன்பதாம் நாள்

அப்பாவுக்கு,

நேற்று நடந்ததை வரிசையாக எழுதிவிடுகிறேன். இந்தக் கடிதத்தை மட்டும் நீங்கள் எரித்துவிடுங்கள்.

நீங்கள் கேட்டபடியே எல்லாம் தயார் செய்தேன். திரை போட்டேன். சின்னுக்குத் தாத்தாவின் அங்கியைப் போட்டுவிட்டேன். "பெரியவர் மாதிரி இருமணுமா சின்னம்மா? இருமல் எனக்கு நல்லாவே வரும்" என்றார். பிறகு தம் கையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இந்தக் கையைப் பாத்தா படிச்சவர் கைன்னு சொல்வாங்களா?" என்றார். வூ அக்கா அதில் மாவு தேய்த்தார்.

தூதர் காவ் நண்பகலில் வந்தார். எழுபது வயது இருக்கும். முழங்கால் வலியோடு படியேறினார். ஊரே அவர் பின்னால் வந்திருந்தது. பியான் வீட்டம்மா புதுச் செருப்பு போட்டிருந்தார். மஞ்சள் பட்டில் சுற்றிய தடியை இரு கைகளாலும் ஏந்திக்கொண்டு தூதர் உள்கூடம் வரை வந்துவிட்டார். திரைக்கும் அவருக்கும் நடுவே பத்தடிதான். அங்கே நின்று மூச்சு வாங்கிக்கொண்டு என்னிடம் மெதுவாகச் சொன்னார்:

"உங்கப்பா குடுத்துவெச்சவரும்மா. எங்கப்பா செத்ததை எனக்கு ரெண்டு வருஷம் கழிச்சுத்தான் சொன்னாங்க. அரண்மனைக்குள்ளே வேலை பாக்கிறவனுக்கு யார் அனுப்புவா சேதி? அந்த ரெண்டு வருஷமும் புத்தாண்டுக்கு அவருக்குப் புகையிலை... இல்லை, தேயிலைதான், வாங்கி அனுப்பிட்டு இருந்தேன். யார் குடிச்சாங்களோ."

நான் சொல்ல வேண்டியது மனப்பாடமாக இருந்தது: 'தாத்தா எழ முடியாத நிலையில் திரைக்குப் பின்னிருந்து வணங்குகிறார்.' அதை நான் சொல்லவில்லை.

"தாத்தா இல்லைங்க" என்றேன். "பத்தாம் மாசம் மூணாம் தேதியே போயிட்டார்."

 திரைக்குப் பின்னால் சின் எழுந்து உட்காரும் ஒலி கேட்டது. தூதரின் கையில் தடி இருந்தது. கீழே போடவும் முடியாது, வைக்கவும் இடமில்லை. அது பேரரசரின் பொருள். இறந்தவருக்குக் கொடுக்கவந்ததை ஏந்தியபடி அவர் அப்படியே நின்றார்.

"உங்கப்பாவுக்கு சேதி போச்சா?" என்று கேட்டார்.

இதற்கு நான் ஒன்றும் யோசித்து வைத்திருக்கவில்லை. நம்புங்கள். வாயைத் திறக்கும்வரை உண்மைதான் வரும் என்று நானே நினைத்தேன்.

"போகலை. நான்தான் எழுதலை" என்றேன். "எழுதினா கரை வேலையைப் போட்டுட்டு வந்துடுவார்னு பயந்தேன். அவருக்குத் தெரியாது. தாத்தா நல்லா இருக்கார்னுதான் எழுதிட்டு இருந்தேன்."

பியான் வீட்டம்மா என்னைப் பார்த்த பார்வை மறக்காது. "நான் குடுத்த சூப்பு?" என்று மட்டும் கேட்டார்.

தூதரின் எழுத்தர் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு என் கைரேகையை வாங்கினார். வெள்ளை விளக்கை நானே மாட்டினேன். பேரரசரிடம் நீங்கள் சொன்ன பொய் இனிப் பொய் இல்லை, அறியாமல் சொன்னது. நீங்கள் ஒன்றும் செய்ய வேண்டாம் என்றும் நான் சொல்லவில்லை, செய்யுங்கள் என்றும் சொல்லவில்லை. உங்களைத்தான் கேட்பார்கள்.


ஷாகோவ்
இரண்டாம் மாதம், பதினெட்டாம் நாள்

ஷூவெனுக்கு,

பேரரசரின் கேள்வி ஒன்பதாம் நாள் வந்தது. ஒரே வரி: உனக்குத் தெரியுமா, தெரியாதா. கொண்டுவந்தவர் வாசலில் நின்றார், அன்றே பதில் வேண்டும் என்று.

இரண்டு பதில்கள் எழுதினேன். ஒன்றில் உன் வாக்குமூலம் பொய், குற்றம் என்னுடையது என்று. மற்றொன்றில் மூன்றே சொற்கள்: எனக்கு எதுவும் தெரியாது. இரண்டாவதைக் கொடுத்தேன். கடைசிக் கட்டை இறக்க இரண்டு நாள் இருந்தது. முதலாவதைக் கொடுத்திருந்தால் அன்றே விலங்கு, மறுநாள் ஹான்.

மகள் குற்றத்தைத் தந்தை அறியார் என்று கருதி, வேலையை முடித்துவிட்டுத் துக்கத்துக்குப் போக எனக்கு அனுமதி வந்தது. பதினொன்றாம் நாள் பிற்பகல் வாய் மூடியது. மூவாயிரம் பேர் கயிறு பிடித்தார்கள். தண்ணீர் ஒரு பெருமூச்சு மாதிரி நின்றது.

அன்றிரவே முதலாவது பதிலை அனுப்பிவிட வேண்டும் என்று நினைத்திருந்தேன். அது இப்போதும் என் சட்டைக் கைமடிப்பில் இருக்கிறது. ஏழு நாளாயிற்று. தினமும் எடுத்துப் பார்க்கிறேன், தினமும் அதில் ஒரு சொல் சரியில்லை என்று தோன்றுகிறது.

உன் தண்டனை எண்பது கசையடியிலிருந்து வெண்பாறைப் பிக்குணி மடத்தில் ஐந்தாண்டு என்று குறைக்கப்பட்டிருக்கிறது. நான் வேண்டிக்கொண்டதால்தான் குறைந்தது. உன் திருமணப் பேச்சை லியாங் வீட்டார் முறித்துக்கொண்டார்கள்.

இந்த மாதக் கடைசியில் வீட்டுக்கு வருவேன்.


வெண்பாறை மடம்
நான் இங்கு வந்த மூன்றாம் ஆண்டு, ஆறாம் மாதம், ஒன்பதாம் நாள்

அப்பாவுக்கு,

துக்க காலம் முடிந்து பொதுப்பணி அமைச்சராக அழைக்கப்பட்டிருக்கிறீர்கள் என்ற செய்தியும், கூடவே உங்கள் கடிதமும் வந்தன. நான்கு பக்கத்தில் மூன்றரைப் பக்கம் என் உடல்நலம். கடைசியில், போகிற போக்கில், என்னிடம் உங்கள் பழைய கடிதங்கள் ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்று கேட்டிருக்கிறீர்கள். நேராகவே கேட்டிருக்கலாம்.

லுவோ கொண்டுவந்ததை எரித்துவிட்டேன். தலைநகரிலிருந்து வந்ததையும், ஷாகோவிலிருந்து கடைசியாக வந்ததையும் வந்த அன்றே எரித்தேன். அரக்கைப் பற்றிய கடிதத்தை எரிக்கச் சொல்லி நீங்கள் எழுதவே இல்லை. அதில் ஒன்றும் இல்லை என்று நினைத்திருந்தீர்கள். உங்களுக்கு எல்லாம் தெரிந்திருந்தது என்பதற்கு, உங்கள் கையெழுத்திலும் தேதியோடும் இருக்கும் ஒரே சான்று அதுதான்.

தூதர் வருவதற்கு முந்தைய நாள், நானும் சின்னுமாகப் பெட்டியின் மூடியை ஒரு விரற்கடை தூக்கி, அதை உள்ளே தள்ளினேன். தாத்தா தலையணைப் பக்கம். அவரிடம் அது இருக்கட்டும் என்று தோன்றியது, வேறு காரணம் இல்லை.

நீங்கள் வந்த அன்று, இறப்பை மறைத்தவள் துக்கப்படுவோர் வரிசையில் நிற்கக் கூடாது என்பதால், என்னை மடத்துக்கு அழைத்துப் போகும் பெண்களோடு கதவுக்குப் பின்னால் நிறுத்தியிருந்தார்கள். ஊரார் அழுதார்கள். தந்தை இறந்ததுகூடத் தெரியாமல் ஆற்றோடு போராடிய மகன் என்று பியான் வீட்டம்மா சொல்லிச் சொல்லி அழுதார். நீங்கள் முழந்தாளில் நடந்து வந்தீர்கள். பெட்டியின் பக்கவாட்டில் என் சட்டைக் கையின் நெசவு பதிந்த இடத்தைக் கண்டு, விரலால் ஒரு முறை தடவினீர்கள். பிறகு சுத்தியலை வாங்கினீர்கள்.

அந்தக் கடிதத்தின் மேல் முதல் ஆணியை அடித்தது நீங்கள்தான். இனி அதை எடுக்க வேண்டுமானால் உங்கள் தந்தையின் பெட்டியை உடைக்க வேண்டும்.

நான் நலம்.

ஷூவென்


அப்பா இதற்குப் பதில் எழுதவில்லை. பதினோரு ஆண்டுகள் அமைச்சராக இருந்தார். ஷாகோவ் கரை ஒரு முறையும் உடையவில்லை. அவர் இறந்ததை எனக்குச் சொல்லியனுப்ப யாருக்கும் தோன்றவில்லை. ஏழு மாதம் கழித்து, மடத்துக்கு அரிசி கொண்டுவந்தவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.